கணினிக் கொத்துகளில் ரெய்டு

ரெய்டு என்பது பல வன்தட்டுகளை ஒன்றிணைத்து ஒரே சேமிப்பகமாக இயங்கச் செய்யும் தொழில்நுட்பம் ஆகும். பல கணினிகளை வலையமைப்பால் இணைத்து உருவாக்கப்படும் கணினிக் கொத்துகளில், தரவை விரைவாகப் படிக்கவும் எழுதவும், வன்தட்டுப் பழுதினால் தரவு அழியாமல் காக்கவும் இது பயன்படுகிறது. வேகம், பாதுகாப்பு, கொள்ளளவு ஆகிய மூன்றையும் ஒருசேர முழுமையாகப் பெற இயலாது. எனவே தரவின் தன்மைக்கேற்ப ரெய்டு நிலை தேர்ந்தெடுக்கப்படுகிறது.

வரலாறு

பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகியோர் 1988 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் ரெய்டு 1 முதல் 5 வரையான நிலைகளை விவரித்தனர். விலையுயர்ந்த பெரிய வட்டுக்கு மாற்றாக மலிவான சிறு வட்டுகள் பலவற்றைப் பயன்படுத்தலாம் என்பது அவர்களின் கருத்து. வட்டுகளின் எண்ணிக்கை கூடும்போது அவற்றுள் ஒன்று பழுதடையும் வாய்ப்பும் கூடுவதால், மிகைத் தரவைச் சேமிப்பது இன்றியமையாததாயிற்று.

முக்கிய நிலைகள்

* ரெய்டு 0: தரவைத் துண்டுகளாக்கி எல்லா வட்டுகளிலும் பரப்பி எழுதும். வேகம் மிகுதி. ஆயினும் ஒரு வட்டு பழுதடைந்தால் முழுத் தொகுதியும் பயனற்றுப் போகும்.
* ரெய்டு 10: தரவைப் பரப்பி எழுதுவதோடு, ஒவ்வொரு துண்டையும் இரு வட்டுகளில் எழுதும். மொத்தக் கொள்ளளவில் பாதியே பயன்படும்.
* ரெய்டு 5: பாரிட்டி எனப்படும் சரிபார்ப்புத் தரவுக்கு ஒரு வட்டின் அளவு இடம் ஒதுக்கும். ஒரு வட்டின் பழுதைத் தாங்கும்.
* ரெய்டு 6: பாரிட்டிக்கு இரு வட்டுகளின் அளவு இடம் ஒதுக்கும். இரு வட்டுகளின் பழுதைத் தாங்கும்.

எழுதும் வேகம்

ரெய்டு 5 இல் ஒரு சிறு பகுதியை மாற்ற, பொதுவாகப் பழைய தரவையும் பழைய பாரிட்டியையும் படித்து, புதியவற்றை எழுத வேண்டும். இதற்கு 4 வட்டுச் செயல்கள் தேவை. ரெய்டு 10 இல் 2 செயல்களே போதும்.

மீளமைப்பு

பழுதடைந்த வட்டுக்கு மாற்றாக வைக்கப்படும் புதிய வட்டில் தரவு மீண்டும் உருவாக்கப்படுகிறது. 12 டெராபைட்டு வட்டொன்றை வினாடிக்கு 200 மெகாபைட்டு வீதம் நிரப்பினாலும் சுமார் 17 மணி நேரமாகும். இடையில் மற்றொரு வட்டு பழுதடைந்தால் ரெய்டு 5 தொகுதி முழுவதும் இழக்கப்படும். எனவே பெரிய வட்டுகளுக்கு ரெய்டு 6 ஏற்றதாகக் கருதப்படுகிறது.

கொத்துகளில் தேர்வு

மீண்டும் கணித்துப் பெறக்கூடிய தற்காலிகத் தரவுக்குக் கணுக்களில் ரெய்டு 0 போதுமானது. லஸ்டர் போன்ற இணைநிலைக் கோப்பு முறைமைகளில், கோப்புகளின் பெயர், இருப்பிடம் முதலிய விவரங்கள் சிறு சிறு பகுதிகளாக எழுதப்படுவதால் அவற்றுக்கு ரெய்டு 10 பரிந்துரைக்கப்படுகிறது. கோப்புகளின் உள்ளடக்கத்திற்கு 8 தரவு வட்டுகளும் 2 பாரிட்டி வட்டுகளும் கொண்ட ரெய்டு 6 பொருந்தும். ஒவ்வொரு வட்டிலும் 128 கிலோபைட்டுத் துண்டு அமைத்தால், 1 மெகாபைட்டுத் தரவு 8 வட்டுகளையும் சரியாக நிரப்பும். பழைய தரவைப் படிக்க வேண்டியதில்லை.

வரம்புகள்

ரெய்டு காப்புநகலுக்கு மாற்று அன்று. தவறுதலாக அழிக்கப்பட்ட கோப்பு எல்லா வட்டுகளிலிருந்தும் ஒருங்கே அழிந்துவிடும். தீ விபத்து, மென்பொருள் வழு ஆகியவற்றிலிருந்தும் ரெய்டு தரவைக் காப்பதில்லை. ஆகவே முக்கியத் தரவின் படியொன்று வேறிடத்தில் சேமிக்கப்பட வேண்டும்.