கொள்கை ஆய்வு நிறுவனங்கள் (இந்தியா)

அரசு எடுக்கவேண்டிய முடிவுகள் குறித்துத் தரவு திரட்டி, ஆராய்ந்து, அறிக்கையாகவும் நூலாகவும் வெளியிட்டுப் பொது விவாதத்தில் பங்குகொள்ளும் அமைப்புகள் கொள்கை ஆய்வு நிறுவனங்கள் எனப்படும். சிந்தனைக் குழாம், சிந்தனையகம் என்றும் இவற்றை எழுதுவதுண்டு. அரசே நடத்துபவை, அரசு நல்கையில் தன்னாட்சியோடு இயங்குபவை, தனியார் பணத்தில் இயங்குபவை என இவற்றில் பல வகை உண்டு. இந்தியாவில் இவற்றின் செல்வாக்கு பெரும்பாலும் கள ஆய்விலிருந்து வந்தது. ஏழைகள் எத்தனை பேர், எந்த மாநிலத்துக்கு எவ்வளவு நிதி, ஊரைவிட்டு வெளியேறியவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விகளுக்கு ஊர் ஊராகச் சென்று விடை கொண்டுவந்தவர்களின் சொல்லே விவாதத்தில் நிலைத்தது.

தொடக்கக் காலம்

நிறுவனங்கள் தோன்றுவதற்கு முன்பே அவற்றின் ஆய்வு முறை சென்னையில் தோன்றிவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலின் முதல் பேராசிரியராக 1915இல் வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், கேள்விப் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, தம் மாணவர்களை அவர்கள் அறிந்த கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று அவர்கள் எழுதிவந்த விவரங்கள் 1918இல் நூலாயின. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடார்க்காட்டுத் தூசி, தஞ்சைப் பாலக்குறிச்சி, ராமநாதபுரம் வடமலைபுரம், நெல்லைச் சீமையின் கங்கைகொண்டான் ஆகியவை அவ்வூர்களுள் அடங்கும். பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் 1936–37இல் இவ்வூர்களில் மறு ஆய்வு நடத்தினர். பிற்காலத்தில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவன ஆய்வாளர்கள் மீண்டும் அங்கே சென்றனர். இருவேல்பட்டைப் பற்றி 1916 முதல் 2008 வரையிலான மாற்றங்களை ஒப்பிட முடிகிறது. இத்தனை நீண்ட காலத்துக்குத் தொடர்ந்த கிராமப் பதிவு உலகில் அரிது.

நிறுவன வடிவில் முன்னோடியாக அமைந்தது புனேயின் கோகலே அரசியல், பொருளியல் நிறுவனம். கோபால கிருஷ்ண கோகலே 1905இல் தொடங்கிய இந்திய ஊழியர் சங்கத்தின் வளாகத்தில், ஆர். ஆர். காலே அளித்த நன்கொடையைக் கொண்டு 1930இல் இது நிறுவப்பட்டது. முதல் இயக்குநர் தனஞ்சயராவ் காட்கில் 1966 வரை அப்பொறுப்பில் இருந்தார். வாயி வட்டத்தின் வேளாண்மை, புனே நகரக் குடும்பங்களின் வாழ்க்கை நிலை ஆகியவற்றை அவர் குழு ஆராய்ந்தது. ஆராய்ந்த இடத்திலேயே நின்றுவிடாமல் மகாராஷ்டிரத்தின் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இயக்கத்துக்கும் காட்கில் துணை நின்றார். 1967இல் திட்டக்குழுவின் துணைத்தலைவரானார். மாநிலங்களுக்கு மத்திய உதவியைப் பகிர்வதில் மக்கள்தொகைக்கு 60 விழுக்காடு இடமளித்த காட்கில் வாய்பாடு 1969இல் வந்தது. அதுவரை ஒவ்வொரு திட்டத்துக்கும் டெல்லியில் பேரம் பேசிவந்த மாநிலங்களுக்கு வெளிப்படையான ஒரு கணக்கு அப்போதுதான் கிடைத்தது.

கொல்கத்தாவில் பி. சி. மகலனோபிஸ் 1931இல் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் கழகம் வேறு வழியில் வளர்ந்தது. 1950இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பும் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் கனரகத் தொழில் முன்னுரிமையும் அங்கு உருவான சிந்தனையில் வேர்கொண்டவை. 1956இல் டெல்லியில் அமைந்த தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆய்வுக் குழுவுக்கு பி. எஸ். லோகநாதன் முதல் தலைமை இயக்குநர். அது மாநிலம் மாநிலமாகத் தொழில்வள ஆய்வுகளை வெளியிட்டது.

வறுமைக் கணக்கு விவாதம்

ஆய்வு நிறுவனங்கள் பொது விவாதத்தை மாற்றியதற்கு மிகத் தெளிவான சான்று 1970களில் நடந்த வறுமைக் கணக்கு விவாதம். கோகலே நிறுவனத்தைச் சேர்ந்த வி. எம். தண்டேகரும் நீலகண்ட ரத்தும் 1971இல் வெளியிட்ட ஆய்வு, நாளொன்றுக்கு 2,250 கலோரி உணவை அளவுகோலாகக் கொண்டது. அதை வாங்கப் போதிய செலவு செய்ய இயலாதவர்கள் 1960–61இல் ஊரகத்தில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர், நகரங்களில் ஏறத்தாழ 50 விழுக்காட்டினர் என்று அது கணக்கிட்டது. ஆய்வு வெளிவந்த 1971, வறுமை ஒழிப்பே தேர்தல் முழக்கமாக இருந்த ஆண்டு. இந்த எண்கள் நாடாளுமன்றம் வரை பேசப்பட்டன.

ஆனால் அதே கணக்கின்படி கேரள ஊரக மக்களுள் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் ஏழைகள். குழந்தை இறப்பு குறைந்தும் சராசரி ஆயுள் கூடியும் இருந்த மாநிலத்தில் இது எப்படிப் பொருந்தும்? இக்கேள்வியை எடுத்துக்கொண்டது திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையம். முதலமைச்சர் சி. அச்சுத மேனோனின் ஆதரவோடு கே. என். ராஜ் 1970களின் தொடக்கத்தில் தொடங்கிய நிறுவனம் இது. லாரி பேக்கர் கட்டிய செங்கல் வளாகத்தில் இயங்குகிறது. ஐக்கிய நாடுகள் அவைக்காக இம்மையம் ஆயத்தம் செய்து 1975இல் வெளிவந்த அறிக்கை, மலையாளிகள் உண்ணும் மரவள்ளிக்கிழங்கும் தேங்காயும் வழக்கமான கணக்குகளில் சரிவர இடம்பெறவில்லை என்று காட்டியது. நியாயவிலைக் கடை, பள்ளி, மருத்துவமனை, நிலச் சீர்திருத்தம் ஆகியவை வருமானம் குறைந்த இடத்திலும் வாழ்வை உயர்த்தும் என்பதையும் அது நிறுவியது. கேரள மாதிரி என்று பின்னர் உலகெங்கும் பேசப்பட்ட கருத்து இங்கிருந்தே கிளம்பியது. தொழில் வளர்ச்சியின்மையைச் சுட்டிய மறுப்புகளும் எழுந்தன. கே. சி. சக்கரியாவும் எஸ். இருதயராஜனும் 1998இல் தொடங்கிய கேரளப் புலம்பெயர்வு ஆய்வு, வளைகுடாப் பணம் அம்மாநிலப் பொருளாதாரத்தில் வகிக்கும் இடத்தை அளந்து காட்டியது.

1971இல் சென்னை அடையாற்றில் யுனெஸ்கோவின் முன்னாள் துணைத் தலைமை இயக்குநர் மால்கம் ஆதிசேஷையாவும் அவர் மனைவி எலிசபெத்தும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினர். 1977இல் அது இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் குழுவின் நல்கை பெறும் தேசிய நிறுவனமானது. தமிழக நிதித்துறைச் செயலராக இருந்து ஆய்வாளரான எஸ். குகன், மாநில நிதி, முதியோர் ஓய்வூதியம், காவிரிப் பூசல் ஆகியவை பற்றி அங்கிருந்து எழுதியவை இன்றும் எடுத்தாளப்படுகின்றன.

பாதுகாப்புத் துறை

1965இல் டெல்லியில் நிறுவப்பட்ட பாதுகாப்பு ஆய்வுக் கழகத்தை இருமுறை தலைமையேற்று நடத்திய கே. சுப்ரமணியம் திருச்சியில் பிறந்தவர். அணு ஆயுதத் தெரிவை இந்தியா கைவிடக் கூடாதென அவர் பல்லாண்டுகள் எழுதினார். 1999இல் வெளியான அணு ஆயுதக் கோட்பாட்டு வரைவு அவர் தலைமையில் உருவானது.

நிதியும் இன்றைய நிலையும்

பணம் தருபவர் விடையை எழுதித் தருவதில்லை. எந்தக் கேள்வி ஆராயப்படும் என்பதை அவர் தீர்மானிக்கிறார். 1969இல் அமைந்த சமூக அறிவியல் ஆய்வுக் குழுவின் நல்கை, உடனடிப் பயன் தராத நீண்டகாலக் கள ஆய்வுகளுக்கு வழிவகுத்தது. ஃபோர்டு அறக்கட்டளை போன்ற வெளிநாட்டு அமைப்புகளும் உதவின. ரிலையன்ஸ் ஆதரவோடு 1990இல் தொடங்கிய அப்சர்வர் ஆய்வு அறக்கட்டளை, வெளியுறவு அமைச்சகத்தோடு சேர்ந்து 2016 முதல் ரைசினா உரையாடல் என்னும் மாநாட்டை நடத்துகிறது. 2009இல் தொடங்கிய விவேகானந்தா பன்னாட்டு அறக்கட்டளையின் நிறுவன இயக்குநர் அஜித் தோவல், 2014இல் தேசியப் பாதுகாப்பு ஆலோசகரானார். ஆய்வாளர் அரசுப் பொறுப்புக்குச் செல்வது பழைய வழக்கமே: திருவனந்தபுரம் மையத்திலிருந்த தாமஸ் ஐசக் கேரள நிதியமைச்சராகவும், இருவேல்பட்டு மறு ஆய்வில் பங்குகொண்ட ஜெ. ஜெயரஞ்சன் 2021இல் தமிழக வளர்ச்சிக் கொள்கைக் குழுவின் துணைத்தலைவராகவும் ஆயினர்.

2015இல் திட்டக்குழுவின் இடத்தில் நிதி ஆயோக் வந்தது. 1973இல் டெல்லியில் தொடங்கப்பட்ட கொள்கை ஆய்வு மையம் வெளிநாட்டு நன்கொடை பெறும் உரிமத்தை 2024 ஜனவரியில் இழந்தது.