ஓ அப்பா, ஏ அம்மா, பி பையன்

நடு ராத்திரியில் ஊரிலிருந்து போன் வந்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். போன மாதம் அப்படித்தான், நல்லேப்பிள்ளியிலிருந்து சித்தி. நல்லவேளை, யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை.

"கண்ணு, நீ ரத்தம் பாக்கற லேப்லதானே இருக்கே? அப்பனுக்கு ஓ, அம்மாவுக்கு ஏ. பையனுக்கு பி வருமா?"

பேரனுக்குப் பள்ளிக்கூட அடையாள அட்டை. ரத்த வகை பார்த்தால் பி பாசிட்டிவ். வீட்டுக்கு வந்த படித்த சொந்தக்காரர் ஒருவர் "அதெப்படி?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாளாக மருமகள் சாப்பிடவில்லையாம். (அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

பாடப் புத்தக அட்டவணைப்படி வராது. ஆனால் அந்த அட்டவணைக்கே ஒரு கதை இருக்கிறது. சித்திக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

1901ல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் ரத்தத்தில் வகைகள் உண்டு என்று எழுதினார். அது பரம்பரையாக வருகிறது என்று 1910ல் காட்டியவர்கள் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் வேலை பார்த்த எமில் ஃபான் டுங்கர்னும் லுட்விக் ஹிர்ஷ்ஃபெல்டும். 72 குடும்பங்களில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பெற்றோர் இருவரிடமும் இல்லாத ஏயோ பியோ பிள்ளைக்கு வருவதில்லை என்று கண்டார்கள். சரிதான். ஆனால் ஏ ஒரு ஜோடி மரபணு, பி வேறொரு ஜோடி என்று நினைத்தார்கள். அதன்படி ஏபி அப்பாவுக்கு ஓ பிள்ளை பிறக்கலாம்.

1924ல் அதைத் திருத்தியவர் டாக்டர் இல்லை, கணக்கு வாத்தியார்! கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் ஃபெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன். பல நாட்டு மக்களின் ரத்த வகைக் கணக்குகளைப் போட்டுப் பார்த்தார். பழைய விளக்கத்துக்கு எண்கள் ஒத்துவரவில்லை. ஒரே இடம், அதில் ஏ, பி, ஓ என்று மூன்றில் ஒன்று. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஏபி ஆளிடம் கொடுக்க ஓ கிடையாது. நாம் இன்றும் படிக்கும் அட்டவணை இதுதான்.

சினிமாக்காரர் சார்லி சாப்ளின் மேல் நடந்த வழக்கு தெரியுமா? அம்மா ஏ, குழந்தை பி, சாப்ளின் ஓ. எங்கள் சித்தி வீட்டுக் கணக்கேதான்! சாப்ளின் அப்பா இல்லை என்று பரிசோதனை சொன்னது. ஆனாலும் 1945ல் ஜூரிகள் அவர்தான் அப்பா என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். கோர்ட்டே நம்பாத அட்டவணையை வைத்துக்கொண்டு நம் ஊரில் ஒரு பெண்ணை விசாரிக்கிறார்கள், பாருங்கள்.

இரண்டாவது திருத்தம் நம் நாட்டிலிருந்து வந்தது. 1952ல் பம்பாயில் டாக்டர் பெண்டேயும் கூட்டாளிகளும் ஒரு விநோத ரத்தத்தைக் கண்டார்கள். வழக்கமான சோதனையில் ஓ மாதிரி தெரியும். ஆனால் ஓ ரத்தம் ஏற்றினாலும் சேராது. காரணம், ஏ, பி இரண்டும் உட்காருவதற்கு எச் என்று ஒரு அஸ்திவாரம் வேண்டும். அது வேறொரு மரபணுவின் வேலை. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பழுதான எச் வந்துவிட்டால் அஸ்திவாரமே இல்லை. உள்ளே பி மரபணு இருந்தாலும் வெளியே தெரியாது. ஆனால் பிள்ளைக்குப் போகும்! அங்கே இன்னொரு பெற்றோரின் நல்ல எச் இருந்தால் பி பளிச்சென்று தெரியும். 1955ல் அமெரிக்காவில் ஃபிலிப் லெவின் குழுவினர் பி இப்படி மறைவதை ஒரு குடும்பத்திலேயே காட்டினார்கள்.

இதற்குப் பெயர் பம்பாய் வகை. இந்தியாவில் சுமார் பத்தாயிரத்தில் ஒருவருக்கு இருப்பதாகச் சொல்வார்கள். அபூர்வம்தான். அதனால் "எல்லாம் பம்பாய் வகை" என்று சமாதானம் சொல்லிவிடவும் முடியாது. ரத்த வகையைச் சரியாகப் பார்த்திருந்தால் அட்டவணையின் "முடியாது" அநேகமாக எப்போதும் சரி. ஆனால் சரியாகப் பார்த்தார்களா என்பதுதான் முதல் கேள்வி. தப்பான அட்டைதான் பம்பாய் வகையைவிட அடிக்கடி கண்ணில் படும் சமாச்சாரம்.

"சித்தி, யாரும் ஒண்ணும் பேச வேண்டாம். மூணு பேரும் ஒரே இடத்துக்குப் போய் புதுசா ரத்தம் குடுங்க" என்றேன். "ஓன்னே வந்தா எச் பாக்கச் சொல்லுங்க. அதுக்கு மேல டிஎன்ஏ இருக்கு."

மூன்றாம் நாள் போன் வந்தது. அப்பாவுக்கு பி பாசிட்டிவ். சந்தேகத்துக்கு இன்னொரு தடவை பார்த்தார்கள், அதே பி. கல்லூரிக் காலத்தில் ஏதோ ஒரு முகாமில் வாங்கிய அட்டையை இத்தனை வருஷம் பர்சில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

மருமகள் சாப்பிட்டாளா என்று கேட்டேன்.

"சாப்பிட்டா. ஆனா அவன்கிட்ட இன்னும் பேசலை" என்றார் சித்தி.

அதற்கு என் லேபில் சோதனை ஏதும் இல்லை.