மூத்தம்மாமாரின் பாடசாலை

சில வருடங்களுக்கு முன்னர் எமது பிரதேசத்து ஆசிரியர்களுக்கென நடத்தப்பட்ட செயலமர்வு ஒன்றில் நானும் கலந்துகொண்டேன். ‘சமூக மனவெழுச்சிக் கற்றல்’ என்பது அதன் தலைப்பு. ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கப்பட்ட ஒரு கைந்நூலும் எங்களுக்குத் தரப்பட்டது. தன் மனதில் எழும் உணர்வுக்குப் பிள்ளை பெயர் சொல்லப் பழக வேண்டும், கோபம் வந்தால் சற்றுத் தாமதிக்கப் பழக வேண்டும், மற்றவரின் துயரைத் தன் துயராக எண்ணிப் பார்க்க வேண்டும், பிணக்கைப் பேசித் தீர்க்கத் தெரிய வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. வளவாளர் நன்றாகவே பேசினார். எனக்குப் பக்கத்தில் இருந்த, ஓய்வு பெறும் வயதை எட்டிய ஓர் ஆசிரியை மட்டும் என் காதருகே குனிந்து, “இதத்தானே புள்ள எங்கட மூத்தம்மாமார் செய்து வந்த?” என்றார்.

அந்த ஒரு வசனம் அன்று முழுவதும் என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் மூத்தம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே தடைப்பட்டுப் போனேன். அவரின் பெயர் எனக்குத் தெரியவில்லை. ஊரில் எல்லோரும் அவரை ‘லெவ்வைம்மா’ என்றே அழைத்தார்கள். நாங்கள் ‘மூத்தம்மா’ என்றோம். அவரின் கபுறடியில் நாட்டப்பட்ட மீசான் கட்டையில் எழுத்து எதுவும் இல்லை. கடைசியில் என் உம்மாவின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தைத் தேடி எடுத்துத்தான் அவரின் பெயரை அறிந்துகொண்டேன். நாற்பது வருடங்களுக்கு மேலாக ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்த ஒரு பெண்ணின் பெயரை, அவரின் மடியில் வளர்ந்த பேத்தியே ஒரு கடதாசியில் தேட வேண்டியிருந்தது. இக்கட்டுரை அந்த வெட்கத்திலிருந்து பிறந்தது.

எங்கள் மேடைகளில் பெண் தலைமைத்துவம் பற்றிப் பேச வருகின்றவர்கள் வழமையாக எங்கே தொடங்குகிறார்கள் என்பதை அவதானித்திருப்பீர்கள். அன்னை கதீஜா (ரழி) அவர்களின் வணிகம், அன்னை ஆயிஷா (ரழி) அவர்களின் அறிவு, பின்னர் கி.பி. 859இல் மொரோக்கோவின் பெஸ் நகரில் கரவிய்யீன் பள்ளிவாசலை நிறுவியவராகப் போற்றப்படும் பாத்திமா அல்பிஹ்ரி. அங்கிருந்து ஒரே தாவாக இன்றைய நாளுக்கு வந்து விடுவோம். இடையில் இந்த மண்ணில் வாழ்ந்த எமது பெண்கள் எவரும் இல்லை. பெஸ் நகரத்துப் பெண்ணின் பெயர் எமது மாணவிகளுக்கு மனப்பாடம். பக்கத்து வளவில் ஓதப்பள்ளி நடத்தியவரின் பெயரோ எவருக்கும் தெரியாது. இதனால் விளைந்த தீங்கு சிறிதன்று. பெண்ணின் தலைமை என்பது வெளியிலிருந்து வந்த விருந்தாளி என்றும், அதை ஏற்பதும் மறுப்பதும் எம் விருப்பம் என்றும் ஓர் எண்ணம் எம்மிடையே ஊன்றிவிட்டது.

முதலில் ஓதப்பள்ளியை எடுத்துக்கொள்வோம். மூத்தம்மாவின் ஓதப்பள்ளி என்பது அவர் வீட்டுத் தாழ்வாரம்தான். பன்பாய் விரித்து, றஹல்களை வரிசையாக வைத்து, சுபஹுக்குப் பின்னர் ஒரு கூட்டம், அஸருக்குப் பின்னர் ஒரு கூட்டம். அலிபு, பே, தேயில் தொடங்கிப் பிள்ளைகள் குர்ஆனை முடித்துத் தமாம் செய்யும் வரை அவர் பொறுப்பு. ஆனால் அங்கே நாங்கள் கற்றது எழுத்து மட்டுமல்ல. இரண்டு பிள்ளைகள் அடிபட்டுக்கொண்டால் மூத்தம்மா எவரையும் உடனே ஏச மாட்டார். முதலில் இருவரையும் இருக்கச் சொல்வார். பின்னர் கிணற்றடிக்கு அனுப்பி வுழூ எடுத்து வரச் செய்வார். கோபம் வந்தால் நிற்பவர் உட்காரட்டும் என்ற நபிமொழியை அவர் விளக்கியதாக ஞாபகமில்லை. அதை எங்கள் உடம்பில் பழக்கினார். திரும்பி வந்ததும், “அவன் உனக்குச் செஞ்சதச் சொல்லாத; நீ அவனுக்குச் செஞ்சதச் சொல்லு” என்பார். செயலமர்வில் தந்த கைந்நூலின் அரைப்பகுதி இந்த ஒரு வசனத்துக்குள் அடங்கிவிடும்.

அவருக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. அதனால் அரசாங்கக் கணக்கில் அவர் எழுத்தறிவற்றவர். ஆனால் அரபுத் தமிழ்க் கிதாபுகளைச் சரளமாக வாசிப்பார். தமிழைச் சில மேலதிகக் குறிகளுடன் அரபு எழுத்தில் எழுதும் இம்முறை, கீழக்கரை, காயல்பட்டினம் தொடங்கி இலங்கையின் கரையோர ஊர்கள் வரை ஒரே அறிவுலகத்தைக் கட்டி வைத்திருந்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் இலங்கைக்கு வந்து போனதும், அவரின் நூல்கள் எமது வீடுகளில் ஓதப்பட்டதும் அந்த உலகின் அடையாளங்கள். அதே கீழக்கரையில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்த செய்யிது ஆசியா உம்மா ஞானப் பாடல்களை எழுதினார். நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் ‘காதலா கடமையா’ என்ற நாவலை வெளியிட்டார். இவர்கள் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்லர். வீட்டுக்குள் பெண்கள் வாசித்தும் கேட்டும் வந்த ஒரு மரபு இருந்தபடியால்தான் எழுதும் பெண்ணும் தோன்ற முடிந்தது.

இரவுகளில் பெண்கள் கூடியிருந்து கேட்ட நூல்களில் ‘நூறு மசலா’வும் ஒன்று. ஓர் இளவரசி கேள்விகளைத் தொடுக்கிறாள்; அவற்றுக்கெல்லாம் விடை சொல்ல வல்லவனையே அவள் மணப்பாள். கதையின் மையத்தில் இருப்பவள் கேள்வி கேட்கும் பெண். அதே வீடுகளில் ‘பெண்புத்தி மாலை’யும் ஓதப்பட்டது. அது பெண்ணுக்குப் புத்தி சொல்வது. அடக்கத்தையும் கணவனுக்குப் பணிதலையும் வலியுறுத்துவது. ஒரே தாழ்வாரத்தில், ஒரே குப்பி விளக்கின் வெளிச்சத்தில் கேள்வியும் பணிவும் அடுத்தடுத்து ஓதப்பட்டிருக்கின்றன. மரபு என்றால் பெண்புத்தி மாலை மட்டுமே என்று நினைப்பவர்களும், மரபு முழுவதுமே அடிமைத்தனம் என்று தள்ளிவிடுகின்றவர்களும் மற்றப் பாதியைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

இனி, கவி. கிழக்கிலங்கையில் கவி என்றால் அது புலவர்களின் சொத்து மட்டுமல்ல. பன்பாய் இழைக்கும் பெண்கள், நெல் குற்றும் பெண்கள், தொட்டில் ஆட்டும் பெண்கள் தங்கள் மனதில் உள்ளதை நாலடியில் சொல்லிவிடுவார்கள். வட்டைக்குப் போய் நாட்கணக்கில் திரும்பாத மச்சானுக்கு ஒரு கவி, மாமியின் சுடுசொல்லுக்கு ஒரு கவி, சொன்ன சொல் தவறியவனுக்கு ஒரு கவி. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் அலைந்து திரிந்து தொகுத்திராவிட்டால் இவற்றில் பெரும்பகுதி மண்ணோடு போயிருக்கும். உணர்வுக்குப் பெயர் வைப்பது என்று கைந்நூல் எதைச் சொல்கிறதோ அதை இப்பெண்கள் எதுகையோடு செய்திருக்கிறார்கள். நேரே சொன்னால் குடும்பம் குலையும் என்ற விடயத்தையும் கவியில் சொல்லலாம். கேட்டவர் கோபிக்க முடியாது. அது அவர்கள் தமக்கெனக் கட்டிக்கொண்ட ஒரு பாதுகாப்பான இடம்.

தலைமைத்துவத்துக்கு வருவோம். எமது கிழக்கிலங்கைச் சமூக அமைப்பில் குடி என்பது தாய்வழியாக வருவது. வாப்பா எந்தக் குடியாக இருந்தாலும் பிள்ளை உம்மாவின் குடி. வீடும் வளவும் மகளுக்கே போகும். மணமுடித்த மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். அக்கரைப்பற்றில் நீண்ட காலம் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இந்த அமைப்பை விரிவாக எழுதியிருக்கிறார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கொரு மரைக்காயர் இருந்தார். மரைக்காயர் ஆண்தான். ஆனால் அந்தக் குடி அவருக்கு வாப்பாவிடமிருந்து வந்ததல்ல, உம்மாவிடமிருந்து வந்தது. பதவி ஆணுக்கு, அதன் வேர் பெண்ணிடம். ஒரு கலியாணமோ ஒரு பிணக்கோ பள்ளிவாசலுக்குப் போகுமுன் அடுப்படியில் மூத்த பெண்களால் பேசி முடிக்கப்பட்டிருக்கும். பள்ளிவாசல் குறிப்பேட்டில் மரைக்காயரின் கையொப்பம் இருக்கும். அடுப்படியில் பேசியவருக்குக் குறிப்பேடு கிடையாது.

எழுதப்பட்ட வரலாற்றிலும் இதே கதைதான். ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையை 1882இல் தொடங்கியவரும், ‘அஸன்பேயுடைய கதை’யை 1885இல் எழுதியவருமான அறிஞர் சித்திலெப்பையை நாம் அறிவோம். பெண் கல்விக்காக அவர் எழுதியதோடு நின்றுவிடவில்லை. 1890களின் தொடக்கத்தில் கண்டியில் பெண்பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலையை ஆரம்பித்தார். அதை நடத்தும் பொறுப்பை ஏற்றவர் அவரின் சகோதரி முத்து நாச்சியா. சித்திலெப்பையைப் பற்றி நூல்களும் கட்டுரைகளும் முத்திரையும் உண்டு. முத்து நாச்சியாவுக்கு எமது வரலாற்று நூல்களில் கிடைத்திருப்பது பெரும்பாலும் ஒரு வசனம். சமூகம் பெண்பிள்ளைகளை வெளியே அனுப்பத் தயங்கிய காலத்தில் அவர் எந்த வீட்டுப் படியேறி, எந்தத் தாயிடம் என்ன பேசிப் பிள்ளைகளைச் சேர்த்தார்? ஆண்களின் கட்டுரைகள் ஆண்களிடம் பேசின. தாய்மாரின் பயத்தைப் போக்க இன்னொரு பெண்ணின் வாய்ச்சொல் தேவைப்பட்டிருக்கும் என்றே நான் எண்ணுகிறேன்.

அதன் பின்னர் அரை நூற்றாண்டு கழித்து, 1946இல் கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரி தோன்றியது. அதன் முதல் அதிபர் ஆயிஷா ரவூப் (1917–1992) கேரளத்தின் மலபாரில் பிறந்து, மண வாழ்க்கையின் மூலம் இலங்கைக்கு வந்தவர். பட்டம் பெற்ற முஸ்லிம் பெண் ஒருவரை அன்றைய இலங்கையில் காண்பது எவ்வளவு அரிது என்பதை இதுவே உணர்த்தும். இரு தசாப்தங்களுக்கு மேல் அதிபராக இருந்த அவர், கொழும்பு மாநகர சபைக்கும் தெரிவாகி 1950களின் முற்பகுதியில் பிரதி மேயராகவும் விளங்கினார். பாடசாலையை நடத்திய பெண்ணிடம் ஒரு நகரத்தின் பொறுப்பையும் ஒப்படைக்கலாம் என்று அன்றைய வாக்காளர்கள் கருதினர். எம்மில் எத்தனை பேர் இதைப் பெருமையோடு நினைவுகூருகிறோம்?

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். ஏறத்தாழ 75,000 பேர். புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் வருமானமிழந்த குடும்பங்களைத் தாங்கியவர்களில் பெரும் பங்கினர் பெண்கள். கூலிக்குப் போய், சோறாக்கி, பயந்த பிள்ளைகளைத் தேற்றி, ஊரின் கதைகளை இரவில் சொல்லி அந்தத் தலைமுறையை உடையாமல் வைத்தவர்கள் அவர்களே. அதே வருடம் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் கொல்லப்பட்டோரின் மனைவிமாரும் தாய்மாரும் அவ்வாறே. 2004 டிசம்பர் 26இல் கடல் எங்கள் ஊர்களுக்குள் வந்தபோது மூத்தம்மாவின் பெட்டகம் கிதாபுகளோடு போய்விட்டது. அவற்றை வாசிக்கத் தெரிந்தவர் எங்கள் குடும்பத்தில் ஏற்கனவே எவருமில்லை என்பதும் உண்மை. கடல் கொண்டு போனது காகிதத்தை; வாசிப்பை நாங்கள் அதற்கு முன்னரே கைவிட்டிருந்தோம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மூத்தம்மாமார் கற்பித்த எல்லாவற்றையும் தலைமேல் வைத்துக் கொண்டாட என்னால் முடியாது. ‘சபுர் செய்’ என்ற சொல்லை அவர்கள் இரண்டு விதமாகப் பயன்படுத்தினார்கள். துயரில் நிலைகுலையாதே என்பது ஒன்று. அது எங்களைக் காத்தது. அநியாயத்தைச் சொல்லாதே என்பது மற்றது. அது பல பெண்களை உள்ளுக்குள்ளேயே எரித்தது. அடிபட்டு வந்த மகளை, சபுர் செய்யச் சொல்லித் திருப்பி அனுப்பிய தாய்மாரை நானும் கண்டிருக்கிறேன். அவர்களைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. அவர்களுக்கு வேறு வாசல் திறந்திருக்கவில்லை. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் காதி பதவிக்கு ஆண் முஸ்லிமையே நியமிக்கலாம் என்று எழுதிவைத்தது. அடுப்படியில் பிணக்குத் தீர்த்த பெண்ணுக்கு நீதி ஆசனத்தில் இடமில்லை. இச்சட்டத்தை ஆராய 2009இல் அமைக்கப்பட்ட குழு, தன் அறிக்கையைக் கையளித்தது 2018இல். ஒன்பது வருடச் சபுர்!

ஆகவே நான் கேட்பது மரபை அப்படியே தூக்கி வந்து வகுப்பறையில் வைப்பதையல்ல. இருக்கச் சொல்லி, வுழூ எடுக்கச் சொல்லி, தன் பிழையைத் தானே சொல்ல வைத்த முறையை எடுத்துக்கொள்வோம். மனதில் உள்ளதைச் சொல்ல இடம் தந்த கவியை எடுத்துக்கொள்வோம். கேள்வி கேட்ட இளவரசியை எடுத்துக்கொள்வோம். வாயை மூடச் சொன்ன சபுரை அதற்குரிய காலத்தோடு விட்டுவிடுவோம். மொழிபெயர்த்த கைந்நூலுக்கு நான் எதிரியல்லன் என்று வளவாளரிடமும் சொன்னேன். அதன் ஓரத்தில் எழுத எங்களிடமும் சில வரிகள் உண்டு என்றேன். அவர் குறித்துக்கொண்டார்.

அடுத்த கிழமை என் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் உள்ள மூத்த பெண்ணின் முழுப் பெயரையும், அவர் உங்களுக்குக் கற்றுத்தந்த ஒன்றையும் எழுதி வாருங்கள். முப்பத்தொரு பிள்ளைகளில் பத்தொன்பது பேர், பெயரைக் கேட்டுத்தான் அறிந்ததாகச் சொன்னார்கள். கொப்பிகள் என்னிடம் இருக்கின்றன. முதலாவது கொப்பி என்னுடையது. அதன் முதல் பக்கத்தில் மூத்தம்மாவின் பெயரை எழுதியிருக்கிறேன், தமிழிலும், தட்டுத்தடுமாறிப் பழகிக்கொண்ட அரபுத் தமிழிலும்.