ஆனந்தரங்கப் பிள்ளையின் தினசரி

சமீபத்தில் ஆனந்தரங்கப் பிள்ளையின் தினசரியை வாசித்தபோது, 1736ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் தொடங்கி, புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாவதற்குச் சில தினங்களுக்கு முன் 1761 ஜனவரியில் காலமாகும் வரையில், கப்பல் வரவையும் சரக்கின் விலையையும் பீரங்கி மரியாதைகளையும் ஏறக்குறைய ஒரே நிதானத்தோடு எழுதிவந்த அந்த வர்த்தகரின் சிரத்தையே முதலில் என்னை ஆச்சரியப்படுத்தியது.

ஆனால் 1748இல், ஆங்கிலேயரின் முற்றுகைக் காலத்தில், வேதபுரீசுவரர் ஆலயம் இடிக்கப்பட்ட சம்பவத்தை விவரிக்கும் பக்கங்களில் அந்த நிதானம் குலைந்துவிடுகிறது. பிரெஞ்சு கவர்னர் டூப்ளே துரைக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, உத்தியோகம் பார்த்துக்கொண்டே அத்துரையின் மனைவிமீது பிள்ளை அப்பக்கங்களில் கொட்டும் துவேஷம், சரித்திர ஆசிரியன் சற்று ஜாக்கிரதையாகவே கையாள வேண்டிய சாட்சியம். தமக்குச் சேரவேண்டிய கௌரவத்தையும் அவர் ஓரிடத்திலும் குறைத்து எழுதுவதில்லை. அதுவும் எனக்கு ரசமாகவே இருந்தது.

1846இல் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்த இக்குறிப்புகள், 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு பாகங்களாக இங்கிலீஷில் வெளிவந்த பின்னரே தமிழில் நூலுருப் பெற்றன. கர்நாடக யுத்தங்களைப் பற்றி அறிய விரும்புகிறவர்கள் தளபதிகளின் கடிதங்களுக்கு முன்னால் இதைப் படிக்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.