நண்பகற் சோர்வு
பாலைவனத் துறவியர் கண்ட ஆவிக்குரிய நிலைகுலைவு

மேலைத் திருச்சபையின் தலையான பாவங்கள் ஏழனுள் ஒன்றைச் 'சோம்பல்' என்று மொழிபெயர்ப்பது நம்மிடையே வழக்கம். ஆனால் அதன் மூலமான 'அக்கேதியா' என்னும் கிரேக்கச் சொல் முதலில் சோம்பலைக் குறித்ததன்று. அக்கறை அற்றுப்போன நிலை என்பதே அதன் நேர்ப்பொருள். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் 119ஆம் சங்கீதம் 28ஆம் வசனத்தில் இச்சொல் வருகிறது. அவ்விடத்தில் நம் தமிழ் வேதாகமம் 'சஞ்சலம்' என்கிறது. சோம்பலுக்கும் சஞ்சலத்துக்கும் இடையே உள்ள தொலைவு சிறிதன்று. ஒரு போதகரைச் சோம்பேறி என்று தீர்ப்பிடுவதா, சஞ்சலத்தில் கரைகிறவர் என்று அறிந்துகொள்வதா என்பதைப் பொறுத்தே அவருக்கு நாம் அளிக்கும் ஆலோசனை அமையும். தவறான தீர்ப்பு என்ன விளைக்கும் என்பதைக் கி.பி. 4ஆம் நூற்றாண்டின் எகிப்தியத் துறவியர் அறிந்திருந்தனர்.

இந்நிலையை முதன்முதல் நுணுகி ஆராய்ந்து எழுதியவர் எவாக்ரியஸ். இவர் 345ஆம் ஆண்டையொட்டிப் பொந்து நாட்டில் பிறந்தவர். பேராயர் பசிலியு இவரை வாசகராக ஏற்படுத்தினார். நசியான்சு ஊர் கிரெகொரி உதவிக்குருவாக அபிஷேகம் செய்தார். 381ஆம் ஆண்டுப் பொதுச்சங்கத்தை ஒட்டிய காலத்தில் கான்ஸ்தாந்திநோப்பிள் நகரில் ஆரியுஸ் கொள்கையினரோடு வாதிட்டுப் பெரும்புகழ் ஈட்டினார். அப்புகழின் நடுவே, உயர்குடிப் பெண்ணொருத்தியின்பால், அதிலும் பிறன் மனைவியின்பால், அவர் மனம் சென்றது. நிலைமை முற்றுமுன் நகரைவிட்டு எருசலேமுக்கு அகன்றார்.

எருசலேமில் நடந்ததை அவருடைய சீடர் பல்லாதியு எழுதி வைத்துள்ளார். அங்கே எவாக்ரியஸ் மீண்டும் பகட்டான உடைகளிலும் நகர வாழ்விலும் மனம் செலுத்தலானார். பின் ஒரு காய்ச்சல் அவரைப் பற்றிற்று. ஆறு மாத காலம் உடல் உருகியும் மருத்துவரால் பரிகாரம் காண இயலவில்லை. ஒலிவ மலையில் துறவு மடம் நடத்திவந்த மூத்த மெலானியா அம்மையார் அவரிடம் வந்து, இந்நோய் தமக்கு இயல்பாகத் தோன்றவில்லை என்றும், மனத்தில் இருப்பதை மறையாது கூறுமாறும் கேட்டார். எவாக்ரியஸ் யாவற்றையும் சொன்னார்; துறவு வாழ்வை மேற்கொள்வதாக வாக்களித்தார்; சில நாட்களில் குணமடைந்தார். வாதத்தில் எவரையும் வெல்ல வல்ல அவ்வறிஞர் தம் நிலையைத் தாமே கண்டறிந்தாரல்லர் என்பதை ஈண்டுக் கருத வேண்டும். கேட்பதற்கு ஒருவர் வேண்டியிருந்தது. அவரோ குருவுமல்லர், ஆயருமல்லர், ஒரு பெண்மணி.

பின்னர் எகிப்துக்குச் சென்ற எவாக்ரியஸ் நித்திரியாவில் இரண்டு ஆண்டுகளும், அதன்பின் 399இல் தாம் இறக்கும்வரை கெல்லியாவிலும் வாழ்ந்தார். கெல்லியாவில் துறவியர் தனித்தனி அறைகளில் வாழ்ந்து, சனி ஞாயிறுகளில் மட்டும் ஆராதனைக்குக் கூடுவர். எவாக்ரியஸ் அங்கே ஏடுகளைப் படியெடுத்துப் பிழைத்தார். 'பிராக்திக்கோஸ்' என்னும் தம் நூலில் அவர் தீட்டிய அக்கேதியாவின் படம் ஒரு மருத்துவரின் குறிப்பைப் போன்றது. அது முற்பகல் பத்து மணியளவில் தொடங்கிப் பிற்பகல் இரண்டு மணிவரை ஆத்துமாவை முற்றுகையிடுமாம். கதிரவன் நகரவே இல்லை என்று தோன்றும். எவரேனும் வருகிறாரா என்று கண் பலகணியை நாடும். இருக்கும் இடம் வெறுத்துப்போகும்; செய்யும் தொழில் கசக்கும். சகோதரரிடையே அன்பு அற்றுப்போயிற்று, ஆறுதல் சொல்வார் எவருமில்லை என்ற எண்ணம் எழும். வேறோர் இடத்திற்குச் சென்றால் எளிதாக வாழலாம், கர்த்தரை எங்கிருந்தும் தொழலாமே என்று மனம் நியாயம் பேசும். 91ஆம் சங்கீதம் 6ஆம் வசனம் கூறும் நண்பகற் கேட்டை இதனோடு இணைத்தே அவர் இதற்கு 'நண்பகற் பிசாசு' என்று பெயரிட்டார். மாற்றல் ஆணையை எதிர்நோக்கிக் குருமனையில் காலம் கழித்த எந்தப் போதகருக்கும் இவ்வடையாளங்கள் அந்நியமானவை அல்ல.

இதற்கு அவர் கூறிய பரிகாரம் இன்னும் குறிப்பிடத்தக்கது. கூடுதல் உபவாசத்தை அவர் விதிக்கவில்லை. சோதனை வேளையில் அறையைவிட்டு ஓடாதிருத்தல், 42ஆம் சங்கீதக்காரனைப்போல் ஆத்துமாவை இரண்டாகப் பகுத்து ஒரு பகுதி மற்றதைத் தேற்றுதல், அளவாகக் கைவேலை செய்தல் ஆகியவற்றையே பரிந்துரைத்தார். வாசிப்பு, விழிப்பு, ஜெபம், பசி, தனிமை ஆகிய யாவும் உரிய வேளையிலும் உரிய அளவிலும் கைக்கொள்ளப்பட வேண்டும். அளவு மீறியது நிலைக்காது, தீங்கே விளைக்கும் என்பது அவர் கொள்கை. கடுந்தவத்தால் வயிறு கெட்ட நிலையில், இறுதியாண்டுகளில் அவரே சமைத்த கீரையும் கஞ்சியும் உண்டார். சூரைச்செடியின்கீழ் சாவை வேண்டிய எலியாவுக்குத் தூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீருமே அன்றோ?

எனினும் சோர்வு மட்டுமே நிலைகுலைவு அன்று. அளவு மீறிய வைராக்கியமும் அத்தகையதே. அதைக் கண்டறிவதோ கடினம்; ஏனெனில் அது பக்தியின் உடையில் வருகிறது. யோவான் கசியன் தம் 'உரையாடல்கள்' நூலில் மோசே என்னும் துறவியின் வாய்மொழியாக ஏரோன் என்பவரின் வரலாற்றைத் தருகிறார். ஏரோன் 50 ஆண்டுகள் பாலைவனத்தில் வாழ்ந்தவர். எவரினும் கடுமையாக நோன்பிருந்தவர். உயிர்த்தெழுதல் திருநாளில்கூடச் சகோதரரோடு பந்தியமர மறுத்துவிடுவார். சிறிதளவு பயறு உண்டாலும் தம் விரதம் தளர்ந்துவிடும் என்று அஞ்சினார். தம் புண்ணியத்தால் இனித் தமக்குத் தீங்கு நேராது என்று வஞ்சிக்கப்பட்டு, ஓரிரவு ஆழ்ந்த கிணற்றில் குதித்தார். குற்றுயிராகத் தூக்கியெடுக்கப்பட்ட நிலையிலும் தாம் ஏமாற்றப்பட்டதை ஒப்புக்கொள்ளாமல் மூன்றாம் நாள் மாண்டார். அவரைத் தற்கொலை செய்தோரோடு சேர்த்துக் கணக்கிடாதிருக்கும்படி மூப்பராகிய பப்நூதியுவை இணங்கச் செய்வதே அரிதாயிற்று. ஏரோனின் நோய்க்குறி, அவர் உண்ணாதிருந்தது என்பதைவிட, பிறரோடு உண்ணாதிருந்தது என்பதே. பந்தியில் காலியாக இருந்த அவ்விடத்தை 50 ஆண்டுகளாகச் சகோதரர்கள் பக்தி என்றே எண்ணியிருக்கக்கூடும்!

ஆயின், மறைவானதை வெளியிட்டுவிட்டால் போதுமா? போதாது என்று அதே உரையாடல் காட்டுகிறது. இச்சைகளால் அலைக்கழிக்கப்பட்ட இளைஞர் ஒருவர் முதியவர் ஒருவரை நாடிச் சென்றார். முதியவரோ, துறவி என்ற பெயருக்கே நீ தகுதியற்றவன் என்று கடிந்து அனுப்பினார். இளைஞர் நம்பிக்கையிழந்து, யாவற்றையும் விட்டு உலகத்துக்குத் திரும்பலானார். வழியில் எதிர்ப்பட்ட அப்பொல்லோ என்னும் துறவி அவர் முகவாட்டத்தைக் கண்டு வற்புறுத்திக் காரணம் கேட்டறிந்தார். முதுமையிலும் தமக்கு அச்சோதனைகள் உண்டென்று கூறித் தேற்றினார். ஒரே ஒரு நாள் பொறுக்குமாறு வேண்டினார். பின்னர் அம்முதியவரின் அறையருகே சென்று ஜெபித்தார். அச்சோதனை தம்மேல் வந்தபோது முதியவர் வெறிகொண்டவர்போல் வெளியே ஓடினார். நரைத்த தலை மட்டுமே ஒருவரை ஆத்துமாக்களின் மருத்துவர் ஆக்காது என்பதற்காகவே மோசே இதைக் கூறுகிறார்.

இவை துறவு மடத்துச் செய்திகள், சீர்திருத்தச் சபையாருக்கு இவற்றால் ஆவதென்ன என்று சிலர் வினவலாம். லுத்தர் கட்டாயப் பாவ அறிக்கையை நீக்கினாரேயன்றி, பாவ அறிக்கையை நீக்கினாரல்லர். விட்டன்பர்க் நகர்ப் போதகராகிய பூகன்காகனே அவருக்கு ஆத்தும ஆலோசகராக இருந்தார். 1527ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் கடும் மனவேதனையும் உடல்நலிவும் லுத்தரை வீழ்த்தியபோது அவர் நாடியது அந்தப் போதகரையே. ஐரோப்பாவையே அசைத்த அம்மனிதர், தம் இளையவரும் உடன்பணியாளருமான ஒருவர் வாயிலாக மன்னிப்பின் வார்த்தையைக் கேட்க வேண்டியிருந்தது.

நம் திருமண்டலங்களில் போதகரொருவர் தம் சோர்வைச் சொல்ல எண்ணினால் யாரிடம் செல்வார்? பொறுப்பிலுள்ள மூத்தவரிடம் எனில், பணியிடத்தையும் மாற்றலையும் தீர்மானிப்பதில் அவருக்குப் பங்குண்டு. சபையாரிடம் எனில், வீழ்ந்த செய்தி அடுத்த கூட்டத்திற்குள் ஊரெங்கும் பரவிவிடும். மனைவியோ அதே குருமனையில் அதே சுமையைச் சுமப்பவர். மெலானியாவுக்கு எவாக்ரியஸின்மேல் எந்த அதிகாரமும் இல்லை. அப்பொல்லோ அவ்விளைஞருக்குத் தலைவர் அல்லர், வழியில் எதிர்ப்பட்டவர். பூகன்காகனும் லுத்தரின் மேலதிகாரியாக இருந்ததில்லை.