எழுத்துக்கும் வருணம்!

யாப்பு நடத்திக்கொண்டிருந்தேன். "ஐயா, பாக்களிலும் உயர்சாதி, தாழ்சாதி உண்டாமே?" என்று கேட்டான் எங்கள் நாகமலை புதுக்கோட்டைச் சிறுவன் ஒருவன். உண்டு எனக் கூற நாணினேன். இல்லை எனக் கூற வழியில்லை. பாட்டியல் நூல்கள் சான்று பகர்கின்றனவே!

வெண்பா அந்தணர்க்காம், ஆசிரியப்பா அரசர்க்காம், கலிப்பா வணிகர்க்காம், வஞ்சிப்பா சூத்திரர்க்காம். கலம்பகம் பாடினால் தேவர்க்கு 100 செய்யுள், அந்தணர்க்கு 95, அரசர்க்கு 90, அமைச்சர்க்கு 70, வணிகர்க்கு 50, வேளாளர்க்கு 30. புகழையும் படிபோட்டு அளந்தனர், கண்டீர்களா தோழர்களே!

எழுத்தையேனும் விட்டனரா? உயிர் 12உம், ககரம் முதல் ணகரம் வரை மெய் ஆறும் மறையோர்க்கு. த, ந, ப, ம, ய, ர மன்னர்க்கு. ல, வ, ற, ன வணிகர்க்கு. எஞ்சிய ழ, ள இரண்டே சூத்திரர்க்கு! தமிழிலும் உழவிலும் ஒலிக்கும் ழகரத்திற்கு வாய்த்த இடம் அது. இதிலும் ஒரு சூது பாருங்கள். ழ, ள இரண்டும் சொல்லுக்கு முதலில் வாரா. நூலின் முதலெழுத்தைக் கொண்டு வருணப் பொருத்தம் பார்ப்பதாயின், உழைப்பவனுக்கு உரிய எழுத்தில் ஒரு நூலும் தொடங்கவே இயலாது!

தொல்காப்பியச் செய்யுளியல் பாக்களை ஓசையால் பகுத்தது: அகவல், செப்பல், துள்ளல், தூங்கல். மரபியலில் நால்வகுப்புச் செய்தி உண்டு. இடைச்செருகல் என்பர் அறிஞர் சிலர். அதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் பாவுக்கு வருணம் அங்கில்லை.

வெண்ணிக் குயத்தியார் ஆசிரியப்பாவில் கரிகாலனைப் பாடினார். வெற்றி வேந்தன் முகத்தெதிரே, புறப்புண் நாணி வடக்கிருந்த தோற்றவனே நல்லன் என்றார். எவர் தடுத்தார்? அக் கரிகாலன்மேல் எழுந்த பட்டினப்பாலையிலோ வஞ்சியடிகளே மிகுதி. பாட்டியலார் கணக்கில் அது மன்னனுக்குச் சூத்திரப் பா!

வருந்தத்தக்கது ஒன்று. வெண்பாப் பாட்டியல் இயற்றிய குணவீர பண்டிதர் சமணர். வேள்வியை மறுத்த சமயத்தவரும் வருணப் பொருத்தம் வகுத்தார். கீழக்குயில்குடிச் சமணமலையைக் காணுந்தோறும் இது நெஞ்சை உறுத்தும்.

கொரியாவிலும் இத்தகைய பிணி இருந்தது. 1446இல் செஜோங் மன்னர் தாய்மொழிக்கு எழுத்தளித்தார். கன்பூசிய நெறி பயின்ற உயர்குடியினரோ சீனப் பாட்டையே உயர்வாகப் போற்றினர். பிறமொழியில் பாடுவது கிளிப்பேச்சு என 17ஆம் நூற்றாண்டில் இடித்துரைத்தார் கிம் மன்ஜுங். அவரும் கன்பூசியம் கற்றவரே.

மறுநாள் அச் சிறுவன் வெண்பா ஒன்று எழுதிக் கொணர்ந்தான். இரண்டிடத்தில் தளை தட்டியது, திருத்திக் கொடுத்தேன்.