அறைக்குள்ளே கடலூர் வரை



புதுவைக் கடற்கரையில் விடியற்காலையில் உலாவுவதன் இன்பத்தைச் சொல்ல இந்நகரில் ஆயிரம் பேர் உளர். நான் சொல்ல வந்தது இதே நகரில் வீட்டுக்குள்ளேயே நடந்த ஒருவரைப் பற்றி.

இதில் எனக்குச் சொந்த அக்கறை ஒன்று உண்டு. பாகூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஏரிக்கரையிலும் வரப்பிலும் ஓடி வளர்ந்தவன் நான். தலைமையாசிரியனான பிறகும் மாலையில் பிள்ளைகளோடு மைதானத்தில் நின்றால்தான் எனக்கு அன்றைய சோறு செரிக்கும். ஓய்வு பெற்ற மறு ஆண்டில் என் மனைவி படுக்கையில் விழுந்தாள். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர வீட்டில் ஓர் ஆள் இருந்தாக வேண்டும். அந்த ஆள் நானேதான். மைதானமும் கடற்கரையும் ஒரே நாளில் என்னை விட்டுப் போயின. மூன்று மாதத்தில் முழங்கால் இறுகிற்று, உறக்கம் குறைந்தது, அற்பக் காரணத்துக்கெல்லாம் சினம் வந்தது. தண்டாலும் பஸ்கியும் எடுத்துப் பார்த்தேன். உடல் இசைந்தது, மனம் இசையவில்லை. வீட்டுக்குள் செய்யும் தேகப்பயிற்சிக்குப் பெரும் பகை களைப்பன்று, சலிப்பே என்பதை அப்போதுதான் கண்டேன். வரலாறு கற்பித்தவனுக்கு ஓர் இடர் வந்தால் அவன் வேறு எங்கே போவான்? பழைய ஏடுகளைத்தான் புரட்டினேன்.

1910-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் ‘துய்ப்ளே’ என்னும் கப்பலில் அரவிந்தர் புதுவைக்கு வந்து சேர்ந்தார். ஆங்கில அரசிடமிருந்து தப்பியவர், ஆங்கிலேயரை ஒரு காலத்தில் கலங்கடித்த பிரெஞ்சு ஆளுநரின் பெயர் தாங்கிய கப்பலில் வந்தது ஒரு வேடிக்கை. சங்கரச் செட்டியார் என்னும் புதுவைப் பிரமுகர் தம் வீட்டின் மேல்மாடியை அவருக்கு அளித்தார். ஏறத்தாழ ஆறு திங்கள் அரவிந்தர் அங்கே மறைவாகத் தங்கினார். வெளியே வருவது அரிது. ஊருக்குள் ஆங்கில அரசின் ஒற்றர்கள் திரிந்தார்கள். பிரெஞ்சு எல்லையைத் தாண்டினால் கைது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளாகப் பொதுக்கூட்டம், பத்திரிகை, பயணம் என்று ஓயாமல் அலைந்தவருக்கு உலகம் ஒரு மாடியாகச் சுருங்கிவிட்டது.

அங்கே அவர் செய்தது என்ன? நடந்தார். நாள் ஒன்றுக்கு எட்டு மணி நேரம் நடந்தார். அவ்வீட்டில் இருந்தபோது 23 நாள் உண்ணாமல் இருந்ததாகவும், அந்நாட்களிலும் எட்டு மணி நேர நடையும் வழக்கமான மனவேலையும் குறையவில்லை என்றும், பலவீனம் தோன்றவில்லை ஆயினும் உடம்பின் தசை குறைந்தது என்றும் அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். இது ஒருவர் தம்மைப் பற்றித் தாமே அளித்த சாட்சி. வரலாற்று மாணவர்கள் அதை அந்த அளவிலேயே கொள்ள வேண்டும். தசை குறைந்ததையும் மறைக்காமல் சொன்னமையால் எனக்கு அச்சாட்சியில் நம்பிக்கை மிகுகிறது. உண்ணாநோன்பை நீங்கள் ஒருபோதும் பின்பற்ற வேண்டா. நான் நடையைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். சிறு இடத்தில் திரும்பித் திரும்பி நடப்பவர் மணிக்கு மூன்று கிலோமீட்டர்தான் நடப்பார் என்று வைத்துக்கொண்டாலும், எட்டு மணிக்கு 24 கிலோமீட்டர் ஆகிறது. புதுவையிலிருந்து கடலூர் ஏறத்தாழ 22 கிலோமீட்டர். கடலூர் அன்று ஆங்கிலேயர் மண். 1918 நவம்பரில் புதுவையை விட்டுப் புறப்பட்ட பாரதியாரை அவர்கள் கைது செய்து வைத்தது அந்தக் கடலூரில்தான். எங்கே போனால் சிறையோ, அந்தத் தொலைவை ஒருவர் நாள்தோறும் மாடியிலேயே நடந்து கடந்திருக்கிறார்!

இந்தப் பழக்கத்துக்கு அடி எது என்று தேடினால் அலிப்பூர்ச் சிறை கண்முன் வருகிறது. 1908 மே 2-ஆம் நாள் கைதான அரவிந்தர், 1909 மே 6-ஆம் நாள் விடுதலையாகும் வரை அங்கே இருந்தார். ஒன்பது அடி நீளமும் ஐந்தாறு அடி அகலமும் உள்ள அறை. நாலு எட்டு வைத்தால் சுவர். பின்னர், காலையும் மாலையும் அரை மணி நேரம் வெளியே உலாவ அனுமதி கிடைத்தது. அந்த நேரத்தில்தான் மனம் விரிந்தது என்று உத்தரபாராவில் ஆற்றிய சொற்பொழிவில் அவர் நினைவுகூர்ந்தார். நடை அவருக்குத் தண்டனையாக இல்லாமற் போனதன் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. அவர் நடப்பதற்காக நடக்கவில்லை. நடந்துகொண்டே சிந்தித்தார், தியானித்தார். கால் தன் வேலையைச் செய்தது. மனம் வேறெங்கோ சென்றது.

அவரோடு இருந்த வங்க இளைஞர்களோ புதுவையில் கால்பந்து ஆடினார்கள். வ.வே.சு. ஐயர் இளைஞர்களுக்குத் தேகப்பயிற்சியும் துப்பாக்கி சுடுதலும் கற்பித்தார். பாரதியார் தோப்பும் கடற்கரையுமாகத் திரிந்தார். ஒரே ஊரில் ஒரே காவல். ஆனால் ஒவ்வொருவர் உடம்பும் ஒவ்வொரு வழியைக் கண்டது.

பிரெஞ்சு மொழி பயின்றவர்களுக்குச் சவியே தெ மேஸ்திர் என்பவரைத் தெரிந்திருக்கும். 1790-இல் தூரின் நகரில் ஒரு துவந்த யுத்தம் செய்த குற்றத்துக்காக 42 நாள் வீட்டுக்காவலில் வைக்கப்பட்ட இளம் படை அதிகாரி அவர். கட்டிலையும் நாற்காலியையும் சுவர்ப் படங்களையும் தூர தேசங்களாகப் பாவித்து, தம் அறையைச் சுற்றிய பயணத்தை நூலாகவே எழுதி 1794-இல் வெளியிட்டார். அரவிந்தர் மனத்தை உள்ளே அனுப்பினார். இவர் அறையையே உலகமாக்கினார். தியானம் கைவராத என் போன்றவர்களுக்கு இரண்டாவது வழியே எளிது.

அறை நடையிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 1938 நவம்பர் 24-ஆம் நாள் விடியலுக்கு முன் அரவிந்தர் தம் அறையிலேயே தடுக்கி விழுந்தார். வலது தொடை எலும்பு முறிந்தது. படுக்கையில் கிடந்து, பிறர் துணையோடு மீண்டும் நடக்கக் கற்றபோது அவருக்கு வயது 66. இதைப் படித்த அன்றே எங்கள் வீட்டுக் கூடத்திலிருந்த பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினேன்.

எங்கள் கூடம் இருபது அடி நீளம். 164 முறை கடந்தால் ஒரு கிலோமீட்டர். எண்ணும் வேலையை என் மனைவி ஏற்றுக்கொண்டாள். படுத்தபடியே புளியங்கொட்டைகளை ஒரு கிண்ணத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுகிறாள். முதல் வாரம் எண்ணிக்கை மட்டும் இருந்தது. பிறகு ஒரு மாலை, “இப்போது எங்கே வந்திருக்கிறீர்கள்?” என்று கேட்டாள். “அரியாங்குப்பம் பாலம்” என்றேன். அன்றுமுதல் நாங்கள் கடலூர்ச் சாலையில் போய்க்கொண்டிருக்கிறோம். நேற்று இரவு தவளக்குப்பம் தாண்டியது. பாகூருக்குத் திரும்பும் சாலை வந்ததும் சொல்லும்படி கேட்டிருக்கிறாள்.